இரசாயனத்துக்கு ஆட்படும் தொழிலாளர் பற்றிய பதிவேடுகள்: தென்னாப்பிரிக்கச் சிறுதொழில் முதலாளிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் பெரியப்பா டர்பனுக்கு அருகே ஒரு துணி ஆலையின் சாயப் பகுதியில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து அவருக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் கண்டபோது, எந்தச் சாயத்தோடு பழகினீர்கள் என்றுதான் மருத்துவர் முதலில் கேட்டார். கருப்பு, சிவப்பு, கடல்நீலம் என்று நிறங்களைத்தான் பெரியப்பாவால் சொல்ல முடிந்தது. பென்சிடினிலிருந்து ஆக்கப்படும் சாயங்கள் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த செய்தி. ஆனால் அவர் கலக்கிய தொட்டியில் இருந்தது அந்த வகைச் சாயம்தானா என்று சொல்லக்கூடிய ஒரு துண்டுக் காகிதம்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆலை மூடிக் கிடந்தது. அதன் ஏடுகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு டர்பனின் ஜேக்கப்ஸ், மொபெனி, பீனிக்ஸ் பகுதிகளில் உள்ள சிறு பட்டறைகளுக்குப் பதிவேடுகளை ஒழுங்குபடுத்திக் கொடுப்பதே என் வேலையாயிற்று. பெயின்ட் அடிக்கும் கடை, முலாம் பூசும் பட்டறை, மரச்சாமான் மெருகூட்டும் இடம், செருப்புத் தொழிற்சாலை என்று நான் போன இடங்களில் பெரும்பாலான முதலாளிகள் கெட்ட எண்ணம் உடையவர்கள் அல்லர். எதை எழுத வேண்டும், எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும், யாருக்குக் காட்டலாம் என்பதை அவர்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொன்னதில்லை, அவ்வளவுதான். இந்த வழிகாட்டி அவர்களுக்காகவும், அவர்களிடம் வேலை செய்பவர்கள் எதைக் கேட்டுப் பெறலாம் என்று அறிந்துகொள்வதற்காகவும் எழுதப்படுகிறது.

எந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்துகிறது

அடிப்படை, 1993ஆம் ஆண்டின் 85ஆம் எண் சட்டமாகிய தொழில்சார் உடல்நல, பாதுகாப்புச் சட்டம். அதன் கீழ் 2021 மார்ச் 29 அன்று அரசிதழில் வெளியான அபாய இரசாயனப் பொருள்களுக்கான விதிகள், அதற்கு முன்னர் நடைமுறையில் இருந்த 1995ஆம் ஆண்டு விதிகளின் இடத்தைப் பிடித்தன. மதிப்பீடு பற்றி 5ஆம் விதியும், காற்றை அளப்பது பற்றி 6ஆம் விதியும், மருத்துவக் கண்காணிப்பு பற்றி 7ஆம் விதியும் பேசுகின்றன; இந்த மூன்றிலும் கிடைக்கும் முடிவுகளை எப்படிப் பதிந்து வைப்பது என்பதை 9ஆம் விதி சொல்கிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த 9ஆம் விதியைச் சுற்றியே நடக்கிறது.

ஈயத்துக்கும் கல்நாருக்கும் (ஆஸ்பெஸ்டாஸ்) தனித்தனி விதிகள் உண்டு. சுரங்கங்கள் இந்தச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. அவற்றுக்கு 1996ஆம் ஆண்டின் சுரங்க உடல்நல, பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கும் இடமோ, கல்நார்க் கூரையைக் கழற்றும் ஒப்பந்ததாரரோ, நான் கீழே சொல்வதோடு தமக்குரிய விதிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதற்படி: கட்டடத்துக்குள் இருப்பது என்ன என்று எழுதுங்கள்

ஒரு நாள் முழுவதையும் இதற்கென்று ஒதுக்கி, ஸ்டோர் பொறுப்பாளரைக் கூட வைத்துக்கொண்டு, டிரம், டின், புட்டி, சாக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுங்கள். கம்பெனிக் கணினியில் உள்ள கொள்முதல் பட்டியலை அச்சிட்டு எடுத்து அதுவே சரக்குப் பட்டியல் என்று வைத்துக்கொள்வது பெரிய பிழை. தெருமுனைக் கடையில் கைக்காசு கொடுத்து வாங்கிய தின்னரும், யாரோ கொண்டுவந்து கொடுத்த பெயரில்லாத பிளாஸ்டிக் கேனும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. பல இடங்களில் மிகவும் ஆபத்தானது அந்தப் பெயரில்லாத கேன்தான்.

ஒவ்வொரு பொருளுக்கும் வணிகப் பெயர், தயாரித்தவர் அல்லது விற்றவர், அதில் அடங்கிய இரசாயனங்கள், எந்த வேலைக்கு எந்த அறையில் பயன்படுகிறது, மாதத்துக்குத் தோராயமாக எவ்வளவு செலவாகிறது, எந்தத் தேதியில் பட்டறைக்குள் வந்தது, எந்தத் தேதியில் நிறுத்தப்பட்டது என்பவற்றை எழுத வேண்டும். கடைசித் தகவலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு பசையை 2012இல் நிறுத்திவிட்டு வேறு பசைக்கு மாறியிருந்தால், பழைய பசையின் தாளைக் கிழித்தெறிவது இயல்பான செயலாகத் தோன்றும். ஆனால் 2005இலிருந்து 2012 வரை அந்த மேசையில் உட்கார்ந்து பசை தடவிய பெண்ணுக்கு அந்தத் தாள்தான் சாட்சி.

விற்பவர் தர வேண்டிய பாதுகாப்புத் தரவுத் தாள் பதினாறு பகுதிகளைக் கொண்டது. மூன்றாம் பகுதி பொருளில் கலந்துள்ளவை எவை என்பதையும், எட்டாம் பகுதி காற்றில் இருக்கக்கூடிய வரம்பையும் தேவையான தற்காப்பையும், பதினோராம் பகுதி உடலுக்கு அது செய்யும் கேட்டையும் சொல்கின்றன. தாளின் வெளியீட்டுத் தேதியைப் பாருங்கள். புதிய பதிப்பு வந்தால் பழையதன் மேல் ‘மாற்றப்பட்டது’ என்று தேதியோடு குறித்து உள்ளேயே வையுங்கள், தூக்கிப் போடாதீர்கள்.

2021 ஜூலையில் டர்பனுக்கு வடக்கே கார்னுபியாவில் வேளாண் இரசாயனக் கிடங்கு ஒன்று எரிந்து, அதன் புகையும் கழிவுநீரும் சுற்றுப்புறத்தையும் உம்லாங்கா முகத்துவாரத்தையும் பாதித்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உள்ளே எது எவ்வளவு இருக்கிறது என்பதே அன்று எல்லோரும் கேட்ட கேள்வி. உங்கள் சரக்குப் பட்டியலின் ஒரு படி எரியக்கூடிய அந்தக் கட்டடத்துக்கு வெளியேயும் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: யார் எதற்கு ஆட்படுகிறார் என்ற மதிப்பீடு

5ஆம் விதியின் கீழ்ச் செய்யும் மதிப்பீட்டை இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படாத இடைவெளியில் திரும்பச் செய்ய வேண்டும். வேலைமுறையோ, பொருளோ, இயந்திரமோ மாறினால் அந்த இரண்டு ஆண்டு முடியும்வரை காத்திருக்கக் கூடாது. மதிப்பீடு செய்வதற்கு முன் உடல்நல, பாதுகாப்புப் பிரதிநிதியையோ குழுவையோ கலந்து பேச வேண்டும், பேசியதை எழுதியும் வைக்க வேண்டும். இருபதுக்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடத்தில் அத்தகைய பிரதிநிதி இருப்பது கட்டாயம். கடைக்கும் அலுவலகத்துக்கும் நூறு பேருக்கு ஒருவர், மற்றத் தொழிலிடங்களுக்கு ஐம்பது பேருக்கு ஒருவர் என்பது கணக்கு.

மதிப்பீட்டை எழுதும்போது ‘பெயின்ட் பகுதி: நடுத்தர அபாயம்’ என்று ஒற்றை வரியில் முடிப்பவர்கள் பலர். அந்த வரியால் யாருக்கும் பயன் இல்லை. ஸ்பிரே அடிப்பவர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அடிக்கிறார், கதவு திறந்திருக்கிறதா, உறிஞ்சும் விசிறி ஓடுகிறதா, துப்பாக்கியைக் கழுவும்போது கையுறை போடுகிறாரா, பக்கத்தில் நின்று மணல்தாள் தேய்க்கும் பையன் மீதும் அந்தப் புகை படுகிறதா, சாப்பாடு எங்கே வைத்துச் சாப்பிடுகிறார்கள் என்பவை எழுதப்பட வேண்டும். கார்களுக்கு அடிக்கும் இரட்டைக் கலவைப் பெயின்டில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழலைத் தாக்கி ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடலுக்கு அது ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சை அடைக்கும். ஆகவே அடிப்பவரை மட்டும் எழுதிவிட்டு அருகில் நிற்பவரை விட்டுவிடும் மதிப்பீடு பாதி மதிப்பீடுகூட ஆகாது.

லேபர் புரோக்கர் மூலம் வருபவர்கள், வாரத்துக்கு இரண்டு நாள் வருபவர்கள், இரவில் தரை கழுவும் பெண்கள் ஆகியோரின் பெயர்களும் இதில் வர வேண்டும். 1990களின் தொடக்கத்தில் கேட்டோ ரிட்ஜில் பாதரசக் கழிவோடு வேலை செய்த தொழிலாளர்கள் நஞ்சேறி நோயுற்றதும், சிலர் உயிரிழந்ததும் எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணம் முழுவதற்கும் தெரிந்த செய்தி. அங்கே பலர் தற்காலிகத் தொழிலாளர்களாக இருந்தார்கள். குறுகிய காலம் வந்து போகிறவரின் உடலும் உடல்தான். அவர் பெயரை எழுத வேண்டியது அந்த வேலையைக் கொடுக்கும் இடம்.

மூன்றாம் படி: காற்றை அளந்த முடிவுகள்

மதிப்பீட்டின்படி ஒருவர் மூச்சில் இரசாயனம் சேரக்கூடும் என்று தெரிந்தால், அரசு ஏற்பு பெற்ற ஆய்வு அமைப்பை அழைத்துக் காற்றை அளக்க வேண்டும். அவர்கள் ஒரு சிறிய பம்பைத் தொழிலாளியின் இடுப்பிலும், மாதிரி எடுக்கும் குழாயை அவர் மூக்குக்கு அருகே சட்டைக் கழுத்திலும் மாட்டிவிடுவார்கள். வேலை முடிந்ததும் குழாய் ஆய்வகத்துக்குப் போகும். சில வாரங்களில் ஓர் அறிக்கை வரும். அந்த அறிக்கையை வாங்கிக் கோப்பில் போட்டு மூடிவிடுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது என்று நான் ஒவ்வொரு முதலாளியிடமும் வற்புறுத்திச் சொல்வேன்.

அறிக்கையில் டாலுவீன் என்ற கரைப்பான் ஒரு கனமீட்டருக்கு 100 மில்லிகிராம் என்று ஓர் எண் மட்டும் இருந்தால் அது எதையும் நிறுவாது. பம்பு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் இழுத்தது, தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் அந்த ஓட்டம் சரிபார்க்கப்பட்டதா, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, பம்பின் எண் என்ன, எந்த முறைப்படி ஆய்வகம் பகுத்தது, மாதிரி அணிந்தவர் யார், அன்று அவர் செய்த வேலை என்ன என்பவை எல்லாம் கூடவே இருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: பம்பு நிமிடத்துக்கு 0.1 லிட்டர் வீதம் 240 நிமிடம் இழுத்தால் 24 லிட்டர், அதாவது 0.024 கனமீட்டர் காற்று குழாய் வழியே போயிருக்கிறது. ஆய்வகம் குழாயில் 2.4 மில்லிகிராம் டாலுவீன் கண்டால், 2.4ஐ 0.024ஆல் வகுக்க 100 வரும். இருபது ஆண்டு கழித்து ஒருவர் இந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்து அதே எண்ணுக்கு வர முடிந்தால்தான் அது பதிவு.

அந்த 100 என்பது நான்கு மணி நேரத்துக்கு உரியது. மீதி நான்கு மணி நேரம் அவர் பொதி கட்டும் பகுதியில் 20 மில்லிகிராம் உள்ள காற்றில் இருந்தார் என்றால், எட்டு மணி நேரச் சராசரி, நூறை நான்கால் பெருக்கி, இருபதை நான்கால் பெருக்கி, இரண்டையும் கூட்டி எட்டால் வகுத்தால் வரும் 60. சட்ட வரம்புகளில் பெரும்பாலானவை இந்த எட்டு மணி நேரச் சராசரிக்கு உரியவை. சில பொருள்களுக்குப் பதினைந்து நிமிட வரம்பும் உண்டு. எந்த எண் எந்த வரம்போடு ஒப்பிடப்பட்டது என்பதை அறிக்கையின் மேலேயே எழுதி வையுங்கள். வரம்புகள் காலப்போக்கில் மாறும், எனவே அன்றைய வரம்பையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

அளந்த நாளின் நிலையையும் ஒளிக்காமல் எழுதுங்கள். அளக்க ஆள் வரும் நாளில் மட்டும் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து, வேலையைப் பாதியாகக் குறைத்து நடத்திய பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். நல்ல எண் கிடைத்தது என்று மகிழ்ந்தவர்கள், தம் தொழிலாளிக்கும் தமக்கும் ஒரே நேரத்தில் தீங்கு செய்துகொண்டார்கள். பிறகு ஒருவர் நோயுறும்போது அந்த நல்ல எண் அவரை நம்பாதே என்று சொல்லும், அவர் உடல் வேறொன்றைச் சொல்லும். அன்று எத்தனை கார் அடிக்கப்பட்டது, வழக்கமான நாளில் எத்தனை என்ற ஒரு வரி இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும்.

நான்காம் படி: மருத்துவக் கண்காணிப்பு, இரண்டு தனிக் கோப்புகள்

ஆட்படும் வேலையில் சேருபவருக்கு வேலை தொடங்குவதற்குச் சற்று முன்போ, தொடங்கிய 14 நாள்களுக்குள்ளோ முதல் உடற்பரிசோதனை நடக்க வேண்டும். பிறகு தொழில்நல மருத்துவரோ செவிலியரோ குறிக்கும் இடைவெளியில், இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படாமல் தொடர வேண்டும். சில பொருள்களுக்கு இரத்தத்திலோ சிறுநீரிலோ அளப்பதே சரியான வழி. ஈயத்துக்கு இரத்தம், டாலுவீனுக்கு, அது உடலில் மாறிச் சிறுநீரில் வரும் ஆர்த்தோ கிரெசால். தோல் வழியாகவும் வாய் வழியாகவும் போவதைக் காற்று அளவு காட்டாது, உடல் காட்டிவிடும்.

பதிவேட்டில் அடிக்கடி தவறு நடப்பது இந்தப் படியில்தான். தனிநபர் மருத்துவ ஏடுகளைத் தொழில்நல மருத்துவப் பணியாளர் மட்டுமே பார்க்கலாம். முதலாளி பார்க்கக் கூடாது, மேலாளர் பார்க்கக் கூடாது, ஊதியக் கணக்கு எழுதுபவர் பார்க்கக் கூடாது. அரசின் தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு மற்ற எல்லாப் பதிவுகளையும் காட்ட வேண்டுமே தவிர இதை அல்ல. ஆகவே ஒவ்வொருவருக்கும் இரண்டு கோப்புகள் வேண்டும். ஒன்றில் ‘இந்த வேலைக்குத் தகுதியுள்ளவர்’, ‘இன்ன கட்டுப்பாட்டோடு தகுதியுள்ளவர்’, ‘தகுதியற்றவர்’ என்று சொல்லும் சான்றிதழ் மட்டும் இருக்கும், அதை முதலாளி வைத்திருப்பார். மற்றொன்றில் இரத்த முடிவு, மூச்சுச் சோதனை வரைபடம், நோய் வரலாறு எல்லாம் இருக்கும். அது மருத்துவப் பணியாளரின் பூட்டுக்குள் இருக்கும். உடல்நலத் தகவல், 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமாகிய போப்பியாவிலும் சிறப்புப் பாதுகாப்புப் பெற்ற தகவல். ஒருவருடைய பரிசோதனை முடிவை வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஒரு மேற்பார்வையாளரை நான் நேரில் கண்டித்திருக்கிறேன். அவர் கெட்டவர் அல்லர், அது ஒருவரின் மானம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

தகுதியற்றவர் என்று சான்று வந்தபின் அவரை அதே வேலையில் நிறுத்தக் கூடாது. எந்தத் தேதியில் எந்த வேலைக்கு மாற்றினீர்கள், எந்தத் தேதியில் எழுத்து மூலம் மீண்டும் தகுதி பெற்றார் என்பதைக் குறித்து வையுங்கள்.

ஐந்தாம் படி: பொறிகள், பயிற்சி

உறிஞ்சும் விசிறி, புகைக்கூண்டு போன்ற கட்டுப்பாட்டுப் பொறிகளை 24 மாதங்களுக்கு மேற்படாத இடைவெளியில் முழுமையாகச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையையும் அதன் பின் செய்த பழுதுபார்ப்பையும் பதிந்த ஏடுகளைக் குறைந்தது மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன விதிகள். நான் அதைவிடக் கூடுதலாக வைக்கச் சொல்வேன், ஏனென்றால் 2009இல் விசிறி ஆறு மாதம் ஓடாமல் கிடந்தது என்ற ஒரு குறிப்பு, அந்த ஆண்டின் காற்று அளவை விளக்கிவிடும்.

பயிற்சிப் பதிவேட்டை, தொழிலாளி அந்த இடத்தில் ஆட்படும் வேலையில் இருக்கும் காலம் முழுவதும் வைத்திருக்க வேண்டும். கையொப்பத் தாளில் எந்த மொழியில் சொல்லப்பட்டது என்று ஒரு பத்தி சேருங்கள். குவாசுலு-நட்டாலில் ஆங்கிலத்தில் மட்டும் நடத்திவிட்டு, ஈசிசூலு பேசும் முப்பது பேரிடம் கையொப்பம் வாங்கிய தாளை நான் பயிற்சிப் பதிவாக ஏற்பதில்லை.

ஆறாம் படி: ஆளை வைத்துக் கோப்பு

மேலே சொன்ன ஐந்தையும் செய்திருந்தாலும், அவை ஐந்து அலமாரிகளில் ஆண்டுவாரியாகக் கிடந்தால், நோயுற்ற ஒருவருக்கு அவற்றைத் திரட்ட மாதங்கள் ஆகும். 1998ஆம் ஆண்டுக் காற்று அறிக்கையில் ‘ஸ்பிரே ஆள் 2’ என்று இருக்கிறது. அந்த ஆள் 2 யார் என்று 2028இல் யாருக்குத் தெரியும்? எனவே ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் அளவில் ஓர் ஆட்படுதல் வரலாற்றுத் தாள் தொடங்குங்கள். முழுப்பெயர், பதின்மூன்று இலக்க அடையாள எண் அல்லது கடவுச்சீட்டு எண், சேர்ந்த நாள், வேலை செய்த ஒவ்வொரு பகுதியும் அதன் தேதிகளும், அங்கே பயன்பட்ட பொருள்கள், அவரிடமோ அவரைப் போன்ற வேலை செய்தவரிடமோ எடுத்த காற்று அளவுகள், அந்த அறிக்கையின் எண், கொடுத்த முகமூடியின் வகை, விலகிய நாள் ஆகியவை அதில் வரட்டும். பெயர் எழுதும்போது கவனம் தேவை: நம்மவர்களில் தகப்பன் பெயரை ஒரு தாளில் குடும்பப் பெயராகவும் மற்றொரு தாளில் முதற்பெயராகவும் எழுதிய குழப்பம் மிகுதி; கோவிந்தசாமி என்பது நான்கு விதமாக ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். அடையாள எண்தான் காப்பாற்றும்.

ஆண்டுக்கு ஒருமுறை இந்தத் தாளைத் தொழிலாளியிடமே காட்டி, சரிதானா என்று கேளுங்கள். பல நேரங்களில் அவர் நினைவு உங்கள் ஏட்டைவிடத் தெளிவாக இருக்கும்.

இதன் பயன் இழப்பீட்டுக் கோரிக்கையில் தெரியும். 1993ஆம் ஆண்டின் 130ஆம் எண் சட்டமாகிய இழப்பீட்டுச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சொல்லப்பட்ட வேலையைச் செய்தவருக்கு அங்கே அதற்கு எதிரே குறிக்கப்பட்ட நோய் வந்தால், மாறாக நிறுவப்படும்வரை, அது வேலையால் வந்ததென்றே கொள்ளச் சொல்கிறது. அந்த வேலையைச் செய்தார் என்று காட்டினால் போதும். காட்ட முடியாததால்தான் பலர் தோற்கிறார்கள். நோய் பற்றி அறிந்த முதலாளி 14 நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும். கோரிக்கையோடு சேர்க்கும் டபிள்யூ.சிஎல். 110 என்ற படிவம் ஆட்படுதல் வரலாற்றையே கேட்கிறது. மேலே சொன்ன தாள் உங்களிடம் இருந்தால் அந்தப் படிவத்தை அரைமணி நேரத்தில் நிரப்பலாம்.

ஏழாம் படி: எவ்வளவு காலம், எந்த வடிவில்

1995ஆம் ஆண்டு விதிகள் மதிப்பீடு, காற்று அளவு, மருத்துவக் கண்காணிப்பு ஆகியவற்றின் பதிவுகளைக் குறைந்தது 30 ஆண்டுகள் காக்கச் சொன்னன. 2001ஆம் ஆண்டின் ஈய விதிகள் 40 ஆண்டுகள் என்றன. 2020ஆம் ஆண்டின் கல்நார் அகற்றல் விதிகள் 50 ஆண்டுகள் என்கின்றன. ஒரே கட்டடத்தில் மூன்று வகைக் காலக்கணக்கை வைத்துக்கொண்டு எதைக் கிழிக்கலாம் என்று ஆராய்வது வீண் தொல்லை. கல்நார் தொடர்பானவற்றுக்கு 50 ஆண்டுகள், மற்ற எல்லாவற்றுக்கும் 40 ஆண்டுகள் என்று ஒரே கணக்காக வைத்துக்கொள்ளுமாறு நான் அறிவுறுத்துகிறேன். இவ்வளவு நீண்ட காலம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு விடை: கல்நார்த் தூசியால் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய், மூச்சில் தூசி புகுந்து 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டுகிறது.

நாற்பது ஆண்டு தாங்கும் வடிவம் எது என்பது அடுத்த கேள்வி. கடைச் சீட்டுகள் போல வெப்பத்தால் அச்சாகும் தாள் சில ஆண்டுகளில் வெளிறிவிடும். ஆய்வுக் கருவியிலிருந்து அப்படி ஒரு தாள் வந்தால் உடனே சாதாரணத் தாளில் நகலெடுங்கள். டர்பனின் ஈரக்காற்றில் தரையோடு வைத்த அட்டைப்பெட்டி பூஞ்சை பிடிக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தெற்கு டர்பன் தொழிற்பகுதியில் தண்ணீர் புகுந்ததைக் கண்டவர்கள், கீழ்த்தளத்தில் கோப்பு வைக்க மாட்டார்கள். ஸ்கேன் செய்து வைப்பது நல்லது. ஆனால் ஒரு மென்பொருளுக்குள் மட்டும் பூட்டி வைத்தால், அந்த மென்பொருள் விற்றவர் கடையை மூடும் நாளில் பதிவும் போய்விடும். எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய பிடிஎஃப் வடிவில், இரண்டு இடங்களில், கடவுச்சொல் தெரிந்தவர்கள் இருவராவது இருக்கும்படி வையுங்கள். ஒருவரின் தலைக்குள் மட்டும் இருக்கும் கடவுச்சொல், அவர் வேலையை விடும் நாளில் உங்கள் நாற்பது ஆண்டுகளையும் கொண்டுபோய்விடும்.

எட்டாம் படி: கேட்டு வருபவருக்கு என்ன கொடுப்பது

ஆய்வாளருக்குத் தனிநபர் மருத்துவ ஏடு நீங்கலாக எல்லாம். பாதுகாப்புப் பிரதிநிதிக்கும் குழுவுக்கும் மதிப்பீடுகளும் காற்று அளவுகளும். ஒரு தொழிலாளியைப் பற்றிய பதிவை வேறு யார் கேட்டாலும், வழக்கறிஞராகவே இருந்தாலும், தொழிற்சங்கமாகவே இருந்தாலும், அந்தத் தொழிலாளியின் முறையான எழுத்துச் சம்மதம் வேண்டும். யார், எந்த நாளில், எதைப் பார்த்தார் என்று ஒரு சிறு நோட்டில் எழுதி, சம்மதத் தாளை அதோடு ஒட்டிவையுங்கள்.

வேலையை விட்டுப் போகும் ஒவ்வொருவர் கையிலும் அவருடைய ஆட்படுதல் வரலாற்றுத் தாளின் ஒரு படியைக் கொடுத்தனுப்புங்கள். இதை நான் என் சொந்தக் கருத்தாகவே சொல்கிறேன், மிகவும் அழுத்தமாகவும் சொல்கிறேன். சேவைச் சான்றிதழ் கொடுக்கும்போது கூடவே இந்த ஒரு பக்கத்தையும் கொடுக்க உங்களுக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.

ஒன்பதாம் படி: தொழிலை மூடும்போது, விற்கும்போது

ஆட்படும் வேலை நிரந்தரமாக நின்றுபோனால், இந்தப் பதிவுகளை எல்லாம் தொழிலாளர் துறையின் மாகாண அலுவலகத் தலைமை அதிகாரியிடம் நேரில் ஒப்படைக்க வேண்டும் அல்லது பதிவு அஞ்சலில் அனுப்ப வேண்டும். கடன் தொல்லையிலும் மன உளைச்சலிலும் கடையை மூடுபவர் நினைவில் கடைசியாக வருவது இதுதான் என்பதை நான் அறிவேன். ஆகவே கடை நன்றாக நடக்கும் காலத்திலேயே, மூடும் நாளுக்குரிய கடிதத்தை எழுதி கோப்பின் முதற்பக்கத்தில் வையுங்கள்: எத்தனை பெட்டி, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எத்தனை தொழிலாளர், மருத்துவ ஏடுகள் எந்த மருத்துவப் பணியாளரிடம் உள்ளன, அவற்றை முத்திரையிட்டுத் தனியே அனுப்புபவர் யார். தேதியையும் எண்ணிக்கையையும் நிரப்பினால் போதும் என்ற நிலையில் அது இருக்கட்டும்.

விற்கும்போது, ஒப்பந்தத்தில் இயந்திரங்களின் பட்டியலுக்குக் கீழே இந்தப் பதிவேடுகளின் பட்டியலையும் இணைத்து, வாங்குபவர் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொண்டார் என்று எழுதுங்கள். அவர் ‘பழைய குப்பை வேண்டாம்’ என்று சொன்னால், பெட்டிகளைக் குப்பைக்கு அனுப்பாமல், மேற்சொன்ன மாகாண அலுவலகத்திடம் கேட்டு, அவர்கள் சொல்லும் முறையில் ஒப்படையுங்கள். பதிவு அஞ்சலின் ரசீதையும், அலுவலகம் முத்திரையிட்டுத் தந்த நகலையும் முதலாளி தம் வீட்டு ஆவணங்களோடு சேர்த்து வைத்து, அந்தப் பெட்டிகள் எங்கே போயின என்பதை அங்கே கடைசியாக வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.